காயும்வரை பேசாதே

நம் ஒப்பனைக்காரர்கள் குழுவில் சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தார்: "சீனியர்ஸ், மணப்பெண்ணுக்கு லிப்ஸ்டிக் மேட் போடலாமா, சாட்டினா, இல்ல லிப் கிளாஸா? எது சேஃப்?" பதினேழு பேர் பதில் போட்டிருந்தீர்கள். எண்ணினேன். பதினொருவர் மேட் என்றீர்கள். நால்வர் சாட்டின். ஒருவர் கைகூப்பும் படம் மட்டும் போட்டார். இன்னொருவர் தன் வகுப்புக்கு விளம்பரம் போட்டார். லிப் கிளாஸ் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பதினெட்டாவது பதில் என்னுடையது. கைப்பேசியில் இவ்வளவு நீளம் தட்ட என் விரல் ஒத்துழைக்காது. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒவ்வொரு தாளிலும் பக்க எண் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒன்று வராமல் போனால் உடனே சொல்லுங்கள், எனக்கு அந்தக் கவலை வேறு வேண்டாம்.

நான் ஈப்போவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்தவன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம்வரை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன் என்பதில் என் அப்பாவுக்குக் கடைசிவரை வருத்தம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாப் பெண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்: பெயர், ஊர், உதட்டின் தன்மை, போட்ட நிறம், அது எத்தனை மணி நேரம் நின்றது. மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பேர். ஆரம்பத்தில் தோட்டங்களுக்குப் போகும்போது பெண்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள். "ஏன் அண்ணே, வீட்டுல அக்காவுக்கும் நீங்கதான் பூசி விடுவீங்களா?" என்பார்கள். என் மனைவி வாழ்நாளில் ஒரு நாள்கூட லிப்ஸ்டிக் போட்டதில்லை. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

எது எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட் பளபளப்பே இல்லாத பூச்சு. மூடுவதில் அதற்கு இணை கிடையாது. கறை, தழும்பு, கருமை எதுவானாலும் அதற்குள் போய்விடும். ஆனால் உதட்டில் எத்தனை கோடு உண்டோ அத்தனையையும் எடுத்துக் காட்டும். லிப் கிளாஸ் நேர் எதிர். உதட்டைச் செழிப்பாகக் காட்டும், அடியில் இருப்பதையும் காட்டிவிடும். காற்றில் பறக்கும் முடி, தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டும். சாட்டின் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாதி மூடும், பாதி காட்டும். அழியும்போதும் திட்டுத் திட்டாக இல்லாமல் மெதுவாக மங்கும். பொதுவாகக் கேட்டால், நடுத்தர வயதுக்கு மேல் சாட்டின், இளம் உதட்டுக்கு எதுவும் பொருந்தும், நீண்ட சடங்குக்கு மேட். இவ்வளவுதான் பாடம். இதை எந்த வீடியோவும் சொல்லித் தரும்.

நான் அந்தப் பாடத்தைப் படித்தது தைப்பிங்கில், ஓர் அறுபதாம் கல்யாணத்தில். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. கூட்டம் பெரிது, நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று மேட் போட்டுவிட்டேன். பெரிய படமாகப் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்த வீட்டுக்கு அடுத்த முறை போனபோது கீழுதட்டில் மட்டும் பதினான்கு வெடிப்புகளை எண்ணினேன். வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்று, "என்ன அண்ணே பாக்குறீங்க? நல்லாத்தான் இருக்குலா. மழ பெய்யாத பாடாங் மாதிரி வெடிச்சுக் கிடக்கு" என்றார். புல் காய்ந்துபோன பந்துத் திடல் ஒன்று என் கண்ணுக்குள் வந்தது. அந்த அம்மாள், "நீங்க சும்மா இருங்க, அண்ணன் மனசு சங்கடப்படும்" என்றபோதுதான் சங்கடம் அதிகமானது.

எனக்குத் தொழில் கொடுத்த சலூன் முதலாளி ஒரு சீன அம்மாள். பழைய ஈப்போவில் கடை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் பேசும் கண்டனீஸ் எனக்கு அரைகுறை, மலாயில் பேசிக்கொள்வோம். வரும் பெண்ணுக்கு முதலில் சூடாக ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பார். அவள் குடித்து வைத்ததும் கோப்பையின் விளிம்பைப் பார்ப்பார். எவ்வளவு சாயம் ஒட்டியிருக்கிறது, உதட்டை எப்படி வைத்துக் குடிக்கிறாள், கடிக்கிற பழக்கம் உண்டா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் கேட்பார்: "அவளுக்கு என்ன வேணும், கேட்டியா?" ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் கேட்டிருக்க மாட்டேன். போய்க் கேட்டுவிட்டு வருவேன். பதினான்கு ஆண்டுகள் இது நடந்தது. அவர் இறந்த பிறகு தேநீர் கொடுக்கும் வழக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டேன். "கேட்டியா?" என்று கேட்க ஆள் இல்லை. அதனால் கேட்பதும் நின்றுபோனது. நின்றது எனக்கே தெரியாது.

இப்போது வாணியைப் பற்றிச் சொல்கிறேன். என் நோட்டில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது பெயர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

வாணிக்கு ஊர் சுங்காய். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை. அப்பா லாரி ஓட்டுகிறார், வாணி ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒத்திகை ஒப்பனைக்கு அக்காவோடு ஈப்போவுக்கு வந்தாள். வழக்கம்போலத் தேநீர் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு வந்திருந்த சாயம் கோப்பைக்குப் போனது. கீழுதட்டின் இடது ஓரத்தில் பச்சைப்பயறு அளவில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. அதை ஒட்டி, உதட்டுக்குக் கீழே தோலில் இன்னொன்று, சற்றுச் சிறியது.

அக்காதான் பேசினாள்.

"அங்கிள், அத மறைச்சிடணும். ஒரு துளி தெரியக்கூடாது. மாப்பிள்ள வீட்டுல தெரியாது."

"மறைச்சிடலாம் ம்மா. அது சின்ன வேல."

சின்ன வேலை என்று நான்தான் சொன்னேன். தோலில் இருந்ததை முகப்பூச்சே மூடிவிடும். உதட்டுக்குத் திரவ மேட், கருஞ்சிவப்பு, இரண்டு பூச்சு. முன்பே சொல்லிவிடுகிறேன், நான் கவனக்குறைவானவன் இல்லை. அன்று ஆறு சோதனை செய்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வெந்நீர் குடிக்கச் சொன்னேன். பால் பழம் சடங்குக்காகப் பாலும் வாழைப்பழமும் கொடுத்துப் பார்த்தேன். மெல்லிய தாளை ஒற்றினேன். வியர்வைக்காக ஈரத்துணியால் தடவினேன். கண்ணீர் வழிந்தால் என்னவாகும் என்று உப்புநீர்கூடத் தொட்டு வைத்தேன். ஆறிலும் மேட் அசையவில்லை. அக்கா கையைத் தட்டினாள். வாணி கண்ணாடியில் தன்னை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கல்யாணம் சுங்காயில், கோயில் மண்டபத்தில். பின்பக்கம் ஒரு சிறிய அறை, ஒரு மின்விசிறி, ஒரு குழல்விளக்கு. காலை ஆறே முக்காலுக்கு வேலையைத் தொடங்கினேன். எட்டேகாலுக்கு எல்லாம் முடிந்து உதடு மட்டும் பாக்கி. அப்போது வாணி அக்காவிடம், "அக்கா, என் போன் கார்லயே இருக்கு. எடுத்துட்டு வாயேன்லா" என்றாள். அக்கா போனதும் கைப்பையைத் திறந்து ஒரு லிப் கிளாஸை எடுத்து மேசையில் வைத்தாள். வெளிர் ரோஜா நிறம். புதிது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அங்கிள், அக்கா வாரதுக்குள்ள சொல்லிடுறேன். மேட் வேணாம். இத போடுங்க."

"இத போட்டா புள்ளி தெரியுமே ம்மா."

"தெரியட்டும். அதுக்குத்தான்."

நான் பிரஷ்ஷை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அவருக்குத் தெரியும் அங்கிள். பழகுன ரெண்டு வருஷமா தெரியும். அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. நீங்களே சொல்லுங்கன்னு எத்தன தடவ கெஞ்சிட்டேன். அப்புறம், அப்புறம்னே இழுத்துட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"அவங்க மூணு தடவ வீட்டுக்கு வந்தாங்க. மூணு தடவையும் அக்கா என்னை ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயி பூசிவிட்டுத்தான் வெளிய விட்டுச்சு. போன்ல சொல்லலாம்னு எடுத்தேன். வாய் வரல." அவள் சற்று நிறுத்தினாள். "இப்ப கூறைப் பொடவ குடுக்க வருவாங்கல்ல? எனக்குப் பொட்டு வைப்பாங்க. அவ்ளோ கிட்ட பாத்தா கண்டிப்பா தெரியும். வேணாம்னா அங்கேயே சொல்லட்டும். தாலி கட்றதுக்கு முன்னாடி சொல்லட்டும் அங்கிள். நான் எழுந்து வந்துடுறேன். கட்டுனதுக்கு அப்புறம் தெரிஞ்சா நான் எங்க போறது?"

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் சொன்னதில்லை. அன்றுவரை வந்த ஆயிரத்து நூற்றுப் பதினொரு பேரில் ஒருத்திகூடச் சொன்னதில்லை.

நான் அவளுக்கு நான்கு காரணம் சொன்னேன். ஹோமப் புகையில் பறக்கும் சாம்பல் கிளாஸில் ஒட்டும். நெற்றிச்சுட்டியிலிருந்து பிரியும் முடி ஒட்டும். வீடியோ விளக்கில் உதடு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கருஞ்சிவப்புக் கூறைப் புடவைக்கு வெளிர் ரோஜா எடுபடாது. நான்கும் உண்மை. நீங்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஐந்தாவது காரணத்தை நான் சொல்லவில்லை. எனக்குப் பயம். வெளியே முந்நூறு நாற்காலி. முன் வரிசையை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். அந்தப் பெண் மணவறையிலிருந்து எழுந்து வந்தால் "யார் மேக்கப்?" என்று யாராவது கேட்பார்கள். "கல்யாணத்தக் கெடுத்தவன்" என்ற பேச்சு சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வர ஒரு மணி நேரம் போதும்.

"போட்டோ போனா போகட்டும்லா அங்கிள்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, சாட்டினாவது போடுங்க. லேசா. பாக்குறவங்களுக்குத் தெரியிற மாதிரி" என்றாள்.

அவளே பாதி வழி இறங்கி வந்தாள். சாட்டின் என் பெட்டியில் இருந்தது, பன்னிரண்டு நிறத்தில். ஆனால் வெளியே அக்காவின் கொலுசுச் சத்தம் கேட்டது. என் கை மேட் குழாயைத் திறந்திருந்தது.

"வாயத் திற ம்மா" என்றேன்.

திறந்துவிட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அப்படித்தான். கண்ணை மூடு என்றால் மூடுவாள், மேலே பார் என்றால் பார்ப்பாள், வாயைத் திற என்றால் திறப்பாள். ஒன்றரை மணி நேரமாக என் சொல்லுக்குப் பழகிய முகம். நீங்கள் தினமும் இந்தக் கீழ்ப்படிதலை வைத்துத்தான் பிழைக்கிறீர்கள். அதில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

முதல் பூச்சு முடிந்தது. "உதட்ட அசைக்காத. காயுறவரைக்கும் பேசாத" என்றேன். திரவ மேட் காய அறுபது நொடி வேண்டும். அதற்குள் உதடு அசைந்தால் திட்டுத் திட்டாகிவிடும். நான் வாய்விட்டு எண்ணினேன். இருபத்திரண்டில் அவள் தொண்டையிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. விரலை உயர்த்தினேன். நிறுத்திவிட்டாள். முப்பதில் அக்கா உள்ளே வந்தாள். அறுபதில் இரண்டாவது பூச்சு. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன். நாற்பத்தைந்தில் அவள் கண் நிரம்பியது. "அழாத ம்மா, மை கலைஞ்சிடும்" என்றேன். அக்கா, "அப்பாவ நெனச்சு அழுவுது அங்கிள்" என்று தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அறுபது. இப்போது வாணி பேசலாம். மேசையிலிருந்த லிப் கிளாஸை என் பெட்டியின் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஒன்பது ஐந்துக்கு மாப்பிள்ளையின் அம்மா கூறைப் புடவைத் தாம்பாளத்தோடு மேடை ஏறினார். கணவர் இல்லாதவர். பொட்டு வைக்கத் தயங்கி, பக்கத்திலிருந்த தன் தங்கையைப் பார்த்தார். தங்கை, "நீதான் பெத்தவ, நீயே வை" என்றார். வைத்தார். வாணியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "நல்லாருக்குலா என் மருமக" என்றார். அவர் முகத்துக்கும் வாணியின் உதட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். வாணி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தூணுக்கு அருகில், பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும்கூட நான் பார்த்தது பூச்சு எப்படி நிற்கிறது என்பதைத்தான். அருமையாக நின்றது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தாலி ஏறியது. பால் பழம் கொடுத்தார்கள். நான் சோதித்திருந்தபடியே மேட் அசையவில்லை. பெட்டியைப் பூட்டலாம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைக்கு வேலையும் வீடும் லூமுட்டில். ஆனால் குடும்பத்துக்குப் பூர்வீகம் பாகான் டத்தோ, தென்னந்தோட்டம். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம்: தாலி ஏறியதும் மாப்பிள்ளை பக்கத்துப் பெரிய பெண்கள் ஒவ்வொருவரும் மருமகளுக்குத் தேங்காய்ப்பூவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பிடித்த உருண்டையை ஊட்ட வேண்டும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ஒன்பது பேர் வரிசையாக வந்தார்கள். திரவ மேட்டுக்கு எதிரி தண்ணீர் இல்லை, நெய். ஆறு சோதனை செய்தவன் ஏழாவதைச் செய்யவில்லை. நான்காவது உருண்டையில் உள்ளுதட்டில் கோடு விழுந்தது. ஏழாவதில் ஓரம் உரிய ஆரம்பித்தது. சாட்டினாக இருந்தால் மெதுவாக மங்கியிருக்கும், அழிவது யார் கண்ணிலும் பட்டிருக்காது. மேட் சுவர்ச் சாயம் மாதிரி பொருக்காக எழுந்து விழும்.

ஒன்பதாவது, மாப்பிள்ளையின் அம்மா. ஊட்டிவிட்டுச் சிரித்தார்.

"இரு ம்மா, வாயில தேங்காப்பூ ஒட்டிருக்கு."

முந்தானையால் அன்போடு துடைத்தார். போகவில்லை. "இது என்னா, விட மாட்டேங்குது" என்று இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். மீதிப் பூச்சும் சுருண்டு முந்தானையோடு வந்தது. அவர் கை அங்கேயே நின்றது.

மகனைப் பார்த்தார். "தெரியுமா உனக்கு?"

மாப்பிள்ளை குனிந்துகொண்டார்.

வாணியிடம் சத்தமில்லாமல் சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "மூணு தடவ வீட்டுக்கு வந்தேன்லா. மூணு தடவையும் என் முகத்தப் பாத்துத்தானே பேசுன?"

வாணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "இன்று காலையில் உங்களிடம் காட்டத்தான் இருந்தேன்" என்று அவள் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? சாட்சி ஒருவன்தான். அவன் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். நான் மேடை ஏறி, "அம்மா, இந்தப் பெண் மறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள், மறைத்தது நான்" என்று சொல்ல எட்டு அடி தூரம்தான். அந்த அடிகளையும் எண்ணியிருக்கிறேன்.

அந்த அம்மாளே என்னைக் கண்டுபிடித்து அழைத்தார். "அண்ணே, நீங்கதான் மேக்கப்பா? நல்லா மறைக்கிறீங்க. வாங்க, திரும்பப் போட்டு விடுங்க. சாப்பாட்டுக்கு ஆளுங்க வாராங்க."

போட்டுவிட்டேன். அதே கருஞ்சிவப்பு, இரண்டு பூச்சு. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை காயும்வரை பேசாதே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பெண்களுக்குத்தான் ஒப்பனை செய்தேன். ஒவ்வொருத்தியிடமும், "உனக்கு என்ன வேணும் ம்மா?" என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "உங்களுக்குத் தெரியாததா அங்கிள், நீங்களே பாத்துப் போடுங்க." ஐந்தாவது பெண்ணின் உதட்டருகே கையைக் கொண்டுபோனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து காத்திருந்தாள். நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் வாணியிடமிருந்து ஒரு வாட்சாப் வந்தது. காலியான ஒரு மேட் குழாயின் படம். "அங்கிள், இந்தக் கலர் லூமுட்ல இல்ல. ஈப்போல கிடைக்குமா?" அன்று மண்டபத்தில் அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்த குழாய்தான் அது. கல்யாணத்துக்கும் விருந்துக்கும் மட்டும் போட்டால் அது ஓர் ஆண்டு வரும். நான் கூப்பிட்டேன்.

"டெய்லி போடுறியா ம்மா?"

"ஆமா அங்கிள்."

"அவங்க போடச் சொல்றாங்களா?"

"அத்தை வாயத் தொறந்து எதுவும் சொல்றதில்ல. காலையில காப்பி குடுக்கும்போது என் உதட்டத்தான் பாப்பாங்க." பின்னால் ஏதோ குக்கர் விசிலடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "ஒரே ஒரு தடவ பேசுனாங்க. 'என் தங்கச்சிக்கே முதுகுல இருக்கு, எனக்கு இது தெரியாதா? முன்னாடியே காட்டியிருந்தா நானே பொட்டு வச்சிக் கூட்டிட்டு வந்திருப்பேன். எல்லாரும் சேந்து மறைச்சீங்கல்ல? அப்ப மறைச்சே இரு'ன்னாங்க."

"மாப்பிள்ள என்ன சொல்றாரு?"

"அவரா?" அவள் சிரித்த மாதிரி இருந்தது. "அப்புறம் பேசுறேன்கறாரு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், அவள் மாமியாரிடம் நான் பேசுகிறேன் என்று. இரண்டாவது குழாயின்போது சொன்னேன். "வேணாம் அங்கிள். இப்ப நீங்க வந்து சொன்னா, அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிடும்" என்றாள். அவள் சொன்னது சரி. அதற்கு ஒரு நேரம் இருந்தது. அது மேடைக்கும் தூணுக்கும் நடுவே எட்டு அடிக்குள் முடிந்துபோனது.

தினமும் திரவ மேட் போட்டால் உதடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்து, தோல் உரிந்து, ஓரம் வெடிக்கும். போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு தைலம் தடவி ஒற்றி எடுக்க வேண்டும், கலைக்கும்போது எண்ணெயில்தான் கலைக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. வாணிக்கு இதை எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் உதட்டுத் தைலமும் வைக்கிறேன். இருந்தும், ஆறாவது முறை அவள் அனுப்பிய படத்தில் குழாயைப் பிடித்திருந்த விரலுக்குப் பின்னால் அவள் கீழுதடு தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தைப்பிங் அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயதில் பதினான்கு. வாணிக்கு முப்பத்தொன்று. நான் எண்ணுவதை ஒன்பதில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அவள் கூப்பிடுவதில்லை. எழுதுவதுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலிக் குழாயின் படம் மட்டும் வரும். நான் பெரிய கடைவீதிக்குப் போய் அதே நிற எண்ணில் புதியது வாங்கி லூமுட்டுக்கு அனுப்புவேன். வந்துவிட்டதா என்று அஞ்சல் எண்ணை வைத்து ஒரு நாளைக்கு நான்கு முறை பார்ப்பேன்.

எது சேஃப் என்று அந்தப் பெண் கேட்டார். பதினொருவர் மேட் என்றீர்கள். உண்மைதான். அன்று சுங்காயில் மேட் எனக்குச் சேஃபாகத்தான் இருந்தது. அதனால் நீங்கள் எதைப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. நெய்யை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் நாற்காலியில் இருப்பவள் "இது வேண்டாம், அது போடுங்கள்" என்று சொல்லும்போது உங்கள் வாயில் நான்கு நல்ல காரணம் வரிசையாக வந்து நின்றால், ஐந்தாவதை நீங்கள் மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் நீங்கள் என்னைப் போலவே செய்யக்கூடும். பெரும்பாலும் செய்வீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை பன்னிரண்டாவது குழாயின் படம் வந்தது. கல்யாணமாகி மூன்று ஆண்டு. வாங்கி வந்து, தைலத்தோடு சேர்த்து உறையில் போட்டேன். பிறகு என் பழைய பெட்டியைத் திறந்து அவளுடைய லிப் கிளாஸை எடுத்தேன். காலாவதி ஆன பொருளை ஒரு நாள்கூட வைத்திராதவன் நான். இதை மட்டும் தூக்கிப் போடவில்லை. வெளிர் ரோஜா நிறம். உறைகூட இன்னும் பிரியவில்லை. அதையும் பொட்டலத்தில் வைத்தேன். வைத்த பிறகு, லூமுட் வீட்டில் பொட்டலத்தை யார் பிரிப்பார்கள் என்ற யோசனை வந்தது. வாணியா, அந்த அம்மாளா? பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

எடுத்துவிட்டேன். பன்னிரண்டு முறை வைத்திருக்கிறேன், பன்னிரண்டு முறையும் எடுத்திருக்கிறேன். பொட்டலத்தை ஒட்டிவிட்டு, பசை காயட்டும் என்று கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.